பழைய துவக்கும் இலகு தோட்டாவும்

1782ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆம் நாள், திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடலிலே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூசும் தத்தம் கப்பல்களை அணிவகுத்துப் பெரும் போர் செய்தனர். திருகோணமலைக் கோட்டை அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே பிரெஞ்சுக்காரர் வசமாகிவிட்டது. அந்தப் போரின் வெற்றி தோல்வியைப் பற்றி ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. அக்காலத்துக் கப்பற் பீரங்கிக்காரர் கையாண்ட ஒரு விதியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பல முறை சுட்டுச் சூடேறிய பீரங்கிக்கு மருந்தைக் குறைத்து இடுவர். ஒரே குழலில் இரண்டு குண்டுகளை ஒருங்கே இடும்போதும் மருந்தைக் குறைத்தே இடுவர். இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து அதற்கேற்ப மருந்தை அளப்பது அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. வெடித்துச் சிதறும் பீரங்கி பகைவனைக் கொல்லுவதில்லை, பக்கத்தில் நிற்பவனையே கொல்லும்.

பல மணங்கு இரும்பானாலும் உள்ளங்கையில் அடங்கும் எஃகானாலும் இவ்விதி ஒன்றே. பிரித்தானியப் படையினர் 1887ஆம் ஆண்டு முதல் இடுப்பிலே தரித்த வெப்ளி என்னும் றிவோல்வர் இதற்கு நல்ல உதாரணமாகும். பேர்மிங்காம் நகரிற் செய்யப்பட்ட இந்தச் சுழல் துப்பாக்கிகளுள் பல நூறாண்டு கடந்தும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சேகரிப்போர் கையில் இருக்கின்றன. அவற்றுக்குரிய தோட்டா கடைகளிற் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் கிழப்பருவம் எய்திய எஃகு புதிய தோட்டாவின் வேகத்தைத் தாங்குமோ என்ற ஐயம் உண்டு. ஆகவே, சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் அவர்கள் தாமே ஈயத்தை உருக்கி வார்த்து, மருந்தைக் குறைத்து அளந்து, இலகுவான தோட்டாக்களைக் கையாலே செய்து கொள்கின்றனர். நம் நாட்டில் இது பொழுதுபோக்காக இல்லை, இருக்கவும் இயலாது. ஆயினும், வாய்ப்புறத்தால் மருந்து இட்டுச் சுடும் பழைய துவக்குகள் நம் வரண்ட பிரதேசத்து விவசாயிகள் கையில் இன்றும் இருக்கின்றன. ஆதலால், இலகு தோட்டாவின் தத்துவத்தை அறிந்துகொள்வது நமக்கும் வேண்டியதே.

தோட்டா ஒன்றிலே நான்கு உறுப்புகள் உள்ளன. பித்தளையாற் செய்த கூடு, அதன் அடியிலே பதித்த கேப்பு, உள்ளே மருந்து, வாயை அடைத்திருக்கும் ஈயக்குண்டு. விசையை இழுத்தவுடன் சுத்தியல் கேப்பைத் தாக்குகிறது. கேப்பின் பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டைத் தள்ளும் அதே வாயு, கூட்டையும் அறையின் சுவரையும் அதே வேகத்தோடு வெளியே தள்ளுகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. குண்டு ஓடிப்போகும். சுவர் ஓடமுடியாது, நின்று தாங்கவேண்டும்.

குண்டுக்கு ஈயத்தை ஏன் தேர்ந்தனர்? அது கனமானது: ஒரே அளவுள்ள நீரைப்போல் 11 மடங்குக்கும் சற்று மேற்பட்ட எடையுடையது. 327 பாகை செல்சியசில் உருகிவிடும், வீட்டடுப்பிலேகூட உருகும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அது மெதுவானது. துப்பாக்கிக் குழலின் உட்சுவரிலே சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறினாற்றான் காற்றிலே தலைகுப்புற விழாமல் நேராகச் செல்லும். மெதுவான ஈயம் அப்பள்ளங்களுக்கு எளிதில் இணங்குகிறது. குழலின் எஃகைத் தேய்ப்பதுமில்லை. வெப்ளித் தோட்டாவின் குண்டுக்கு அடிப்பாகத்திலே ஒரு குழிவும் அமைத்திருந்தனர். வாயுவின் அழுத்தத்தால் அக்குழிவின் விளிம்பு விரிந்து குழலை இறுக அடைத்துக்கொள்ளும். பிரான்சு தேசத்தவரான மினியே என்பவர் 1849இல் நீண்ட துவக்குகளுக்காகப் புகழ்பெறச் செய்த உபாயமே இது.

ஆனால் தனி ஈயம் மிகவும் இளகியது. வேகம் கூடினால் குழலிலே உரசி, அதன் உட்சுவரில் மெழுகுபோல அப்பிக்கொள்ளும். ஆகையால் சிறிது வெள்ளீயமோ அந்திமனியோ கலப்பர். வெள்ளீயம் கலந்த ஈயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக ஓடி நிறையும். அந்திமனி கடினத்தைக் கொடுக்கும். இந்த மூன்றின் கூட்டையே அச்சுக்கூடங்களில் எழுத்து வார்க்கவும் பயன்படுத்தினர். நம் முன்னோர் தேவாரத்தையும் பஞ்சாங்கத்தையும் அச்சிட்ட எழுத்துகளும் துப்பாக்கிக் குண்டுகளும் ஒரே உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது சிந்திக்கத்தக்கது. பழைய அச்செழுத்துகளை வாங்கி உருக்கிக் குண்டு வார்ப்போர் மேனாடுகளில் இருக்கின்றனர். அச்சுக்கலையை நேசிப்போருக்கு அது உவப்பான செய்தியாயிராது.

வார்த்த குண்டுக்குக் கொழுப்பும் வேண்டும். குண்டின் இடுப்பைச் சுற்றியுள்ள சிறு பள்ளங்களிலே தேன்மெழுகையும் கொழுப்பையும் கலந்து பூசுவர். அது குழலில் ஈயம் ஒட்டாமற் காக்கும். சிறிய காரியமாகத் தோன்றும் இந்தக் கொழுப்பே ஓர் இராச்சியத்தை அசைத்தது. 1857இல் புதிய என்ஃபீல்ட் துவக்கின் தோட்டாத் தாளிலே பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டிருக்கின்றன என்ற பேச்சு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் என்னும் இடத்திலிருந்து பரவிற்று. அத்தோட்டாவைப் பல்லாற் கடித்துத் திறக்கவேண்டும். மார்ச்சு 29ஆம் நாள் பரக்பூரிலே மங்கள் பாண்டே துவக்கை உயர்த்தினான். மே 10ஆம் நாள் மீரட்டிலே சிப்பாய்கள் எழுந்தனர். அதே டம்டம் பின்னர் வேறொரு குண்டுக்கும் தன் பெயரைக் கொடுத்தது. உடலிற் பட்டவுடன் விரியும் அத்தகைய குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாது என 1899இல் ஹேக் மாநாடு விலக்கிற்று.

இனி மருந்துக்கு வருவோம். இப்பேச்சின் கடுமையான பகுதி இதுவே.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த பழைய கரிமருந்தைப் பல நூற்றாண்டுகளாக உலகம் பயன்படுத்திற்று. அது புகையும், அழுக்குப் படியச் செய்யும், ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எனினும் அதற்கு ஒரு நற்குணம் உண்டு. சுற்றியுள்ள அழுத்தம் கூடினாலும் அதன் எரிவேகம் அவ்வளவாகக் கூடுவதில்லை. அதிகம் இட்டால் தீங்கு உண்டு. ஆனால் அத்தீங்கு ஓரளவுக்குப் படிப்படியாகவே ஏறும். மேலும், அது தோட்டாக் கூட்டை முழுவதும் நிறைத்துவிடும். இரண்டு பங்கு இட நினைத்தாலும் இடம் இராது.

1884இல் பிரான்சிலே பால் வியேல் என்பவர் புகையற்ற மருந்தை ஆக்கினார். சில ஆண்டுகளில் இங்கிலாந்திலே ஏபெல், டிவார் என்போர் கோடைற்று என்னும் மருந்தைக் கண்டனர். நூல்போல இழுத்துச் செய்யப்பட்டமையால் அப்பெயர் பெற்ற அம்மருந்தைப் பிரித்தானிய ஆட்சியினர் நீலகிரி மலையில் அருவங்காட்டிலே தொழிற்சாலை அமைத்துச் செய்வித்தனர். இவ்வகை மருந்தின் குணம் வேறு. அழுத்தம் கூடக்கூட அது விரைந்து எரியும். விரைந்து எரிய எரிய அழுத்தம் மேலும் கூடும். ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடும் இந்தச் சுழற்சியே அதன் ஆற்றலுக்கும் காரணம், ஆபத்துக்கும் காரணம். அன்றியும், கரிமருந்தின் வேலையைச் செய்ய இது மிகச் சிறிதளவே போதும். தட்டார் தராசிலே குன்றிமணி வைத்து நிறுக்கும் அளவே. துப்பாக்கிக்காரர் கிரெயின் என்னும் நிறையைக் கையாள்வர். அது அரைக் குன்றிமணிக்குச் சற்று மேற்பட்டது. வெப்ளியின் குண்டு 265 கிரெயின், அதாவது சுமார் 17 கிராம். அதைத் தள்ளும் புகையற்ற மருந்தோ சில குன்றிமணி எடையே.

இங்கேதான் ஒரு சூழ்ச்சி மறைந்திருக்கிறது. கரிமருந்துக்காக அகலமாகச் செய்யப்பட்ட கூட்டிலே புகையற்ற மருந்தை இட்டால், மருந்து அடியிற் கிடக்க, மேலே பெரும்பகுதி வெற்றிடமாக இருக்கும். பிரித்தானியப் படைத்துறையினர் இதனை உணர்ந்தனர். வெப்ளித் தோட்டாவுக்கு 1890களில் கோடைற்றைப் புகுத்திய பின்னர், 1897இல் அக்கூட்டையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறுக்கினர். குறுகிய கூட்டிலே கோடைற்று ஒழுங்காக எரிந்தது. மருந்தைக் குறைத்தவர்கள் அறையையும் குறைத்தமை அறிவுடைமையாகும்.

கூட்டைக் குறுக்காமல் மருந்தை மட்டும் குறைப்பவனுக்கு வரும் கேடுகள் என்ன? முதலாவது, மறதி. அளந்து இட்ட கூட்டிலே மீண்டும் ஒருமுறை இட்டுவிட்டால், அது வழியாது; கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. இரட்டிப்பு மருந்து இரட்டிப்பு அழுத்தத்தோடு நிற்பதில்லை. முன் சொன்ன சுழற்சியினால் அதனையும் கடந்துவிடும். உருளை பிளக்கும், மேற்பட்டை வளைந்து பறக்கும், கைவிரலும் உடன் போகும். அதனாலே, இக்கலையிற் கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியிலே சாய்த்து உள்ளே பார்த்த பின்னரே குண்டைப் பதிப்பர். வேலை செய்யும்போது பிறரோடு பேசார். இரண்டாவது, மருந்தின் கிடை. துப்பாக்கியை மேல்நோக்கி உயர்த்திப் பின் தாழ்த்தினால் மருந்து கேப்பின் பக்கம் கிடக்கும்; கீழ்நோக்கியிருந்து உயர்த்தினால் குண்டின் பக்கம் கிடக்கும். ஒரே அளவு மருந்து இரு விதமாக எரிந்து, ஒரு வெடி பலமாகவும் மறுவெடி நலிவாகவும் அமையும்.

மூன்றாவதே மிகவும் கொடியது. மருந்து அளவுக்கு மீறிக் குறைந்தால் குண்டு குழலைக் கடந்து வெளியேறாமல் நடுவிலே சிக்கிக்கொள்ளும். சுடுபவனுக்கு ஒரு மெல்லிய ஓசை கேட்கும். பதற்றத்திலே அதைப் பொருட்படுத்தாமல் மறுமுறை விசையை இழுத்தால், இரண்டாவது குண்டு முதற் குண்டின்மேல் மோதும். குழல் அவ்விடத்திலே மோதிரம்போலப் புடைக்கும், அல்லது கிழியும். மருந்தைக் குறைத்தால் ஆபத்துக் குறையும் என்ற எண்ணம் ஓர் எல்லைவரைதான் உண்மை. அந்த எல்லைக்குக் கீழே ஆபத்து வேறு உருவத்திலே திரும்பி வருகிறது. இலகு தோட்டா என்பது பயந்து குறைத்த தோட்டா அன்று. மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் நடுவே அளந்து நிறுத்திய தோட்டா.

வெப்ளியின் சொந்தத் தோட்டாவே இயல்பில் இலகுவானது என்பதையும் சொல்லவேண்டும். கனத்த குண்டு, மந்தமான வேகம். வினாடிக்கு 200 மீற்றருக்குக்கூட எட்டுவது அரிது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். ஆகவே இந்தக் குண்டு தன் ஓசைக்குப் பின்னாலே நடந்து வருகிறது எனலாம். இந்த மந்தத்துக்கு ஏற்றபடியே அத்துப்பாக்கி நடுவிலே மடிந்து திறக்கும் கீலும், மேலே பூட்டும் கொளுவியும் கொண்டு செய்யப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவுக்குச் சென்ற வெப்ளிகள் பலவற்றின் உருளையைச் சிலர் பின்புறத்திலே சீவி, அமெரிக்கப் படையினரின் .45 தோட்டா அதிற் பொருந்தும்படி செய்தனர். தோட்டா பொருந்திற்று, அழுத்தம் பொருந்தவில்லை. அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்ளியின் தோட்டாவினுடையதை மிக விஞ்சியது. அவ்வாறு சீவப்பட்ட துப்பாக்கிகள் பல தளர்ந்தன, சில உடைந்தன. ஒன்றனுள் மற்றொன்று நுழைகிறது என்பதனால் அதற்குரியது ஆகிவிடுமா?

எஃகின் வலிமையைப் பார்வையால் அறிய முடியாது. அதனாலேதான் இங்கிலாந்திலே துப்பாக்கிகளைச் சோதிக்கும் சாலைகளைச் சட்டத்தால் ஏற்படுத்தினர். இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்தது. வழக்கத்தை விட மிகுந்த மருந்து இட்டுச் சுட்டு, பிளக்காத துப்பாக்கிக்கே முத்திரை குத்துவர். கரிமருந்துக்கு மட்டும் சோதித்த துப்பாக்கிக்கும் புகையற்ற மருந்துக்குச் சோதித்த துப்பாக்கிக்கும் வேறுபாடு உண்டு. எனினும் முத்திரை குத்திய நாளின் வலிமையையே அது கூறும். எண்பது ஆண்டுகள் கடற்காற்றிலே கிடந்து துருவேறிய பின்னுள்ள வலிமையை எந்த முத்திரையும் கூறாது. திருகோணமலை போன்ற துறைமுகத்திலே வாழ்வோருக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஈயத்தைப் பற்றி இன்னுமொரு வார்த்தை. குண்டு வார்ப்போர் மேனாட்டிலே இருக்கட்டும். வீச்சுவலைக்கு ஈயமணி வார்ப்போர் நம் கரையூர்களிலே இருக்கின்றனர். உருகிய ஈயத்திலே ஒரு துளி நீர் விழுந்தாலும் அது கணத்தில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். ஆதலால் ஈரமான அச்சும் ஈரக் கரண்டியும் ஆகா. ஈயத்தின் தூசும் புகையும் உடலிற் சேர்ந்தால் எளிதில் வெளியேறுவதில்லை. பெரியோருக்கு வயிற்றுவலியும் நரம்புத் தளர்ச்சியும் தரும். குழந்தையின் மூளை வளர்ச்சியையே தடுக்கும். சமையலறை அடுப்பிலும் சமையற் பாத்திரத்திலும் ஈயத்தை உருக்கவே கூடாது. வேலை முடிந்தபின் கை கழுவாமல் உணவிலே கைவைக்கக் கூடாது. கழித்துவிட்ட மோட்டார் பற்றரிகளை உடைத்து ஈயம் எடுப்பது எல்லாவற்றிலும் கேடானது. அமிலமும் வேறு நச்சுப் பொருள்களும் அதிலே உள்ளன.

இனி நம் வயல்வெளிக்குத் திரும்புவோம். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் நெற்கதிர் முற்றும் காலத்திலே காட்டுப்பன்றி இறங்கும். பரணிலே காவலிருக்கும் விவசாயியின் பக்கத்தில் அனுமதி பெற்ற ஒரு பழைய துவக்கு சாய்ந்திருப்பது புதுமையன்று. அவர் வாய்ப்புறத்தால் கரிமருந்தை இட்டு, தேங்காய்த் தும்பை வைத்து இடித்து, ஈயத்தை இட்டு, மறுபடியும் தும்பால் அடைக்கிறார். அவரும் தோட்டாவைக் கையாலே செய்பவர்தான். துவக்கின் குழலே அவருக்குத் தோட்டாக் கூடு. ஆகவே இதுவரை சொன்ன விதிகளெல்லாம் அவருக்கும் உரியன. ஈயம் மருந்தின்மேல் இறுக அமர்ந்திருக்கவேண்டும்; நடுவே இடைவெளி இருந்தால் குழல் புடைக்கும். இட்டதை மறந்து மீண்டும் இடாதிருக்க, இடிகோலை உள்ளே விட்டு அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பார்க்கும் வழக்கம் நல்ல வழக்கம். பற்றாத வெடியை உடனே எட்டிப் பார்க்கலாகாது; குழலை ஆளில்லாத் திசைக்கு நீட்டியபடியே சிறிது நேரம் பொறுத்திருக்கவேண்டும். காட்டுப் பாதையிலே கயிறு கட்டிவைக்கும் பொறித்துவக்கைப் பற்றிப் பேச விருப்பமில்லை. அது பன்றியையும் விறகு பொறுக்கச் செல்லும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாது. சட்டமும் அதனை மன்னியாது.

ஆனால் இவை எல்லாவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று இம்மாவட்டத்து மண்ணிலே கிடக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் வைத்திருந்தது. 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் நீடித்தது. காட்டிலும் தோட்டத்திலும் மண் கிண்டும்போது தோட்டாக்கள் அகப்படுதல் இதனாலேதான். அவற்றை உடைத்து மருந்தை எடுத்துத் தம் பழைய துவக்கிலே இட்டால் செலவு மிச்சம் என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். அம்மருந்து புகையற்றது. நீண்ட, உரமான இராணுவத் துவக்குக்கென ஆக்கப்பட்டது. கரிமருந்தை அளக்கும் அதே மூடியால் அதனை அளந்து இட்டால், அந்தத் துவக்கு தோளிலே வெடிக்கும். கண்ணும் கையும் போகும். பக்கத்திலே படுத்திருக்கும் பிள்ளைக்கும் தப்ப வழியில்லை. மண்ணில் நெடுங்காலம் கிடந்த மருந்து சிதைந்து, எதற்காக எப்போது பற்றும் என்று சொல்லமுடியாத நிலையிலும் இருக்கும்.

துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழும், வெடிமருந்து ஆக்குவதற்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின் கீழும் அனுமதி பெறவேண்டும். கண்டெடுத்த தோட்டாவுக்கு எந்த அனுமதியும் கிடையாது. பித்தளைக்காக அதனைத் தட்டவோ, நெருப்பிலே போடவோ, சட்டைப்பையிலே எடுத்துச் செல்லவோ வேண்டாம். கண்ட இடத்திலேயே விட்டு, அவ்விடத்துக்கு ஓர் அடையாளம் இட்டு, பிள்ளைகளை அப்பால் நிறுத்தி, அண்மையிலுள்ள பொலிசு நிலையத்துக்கு அறிவித்தால் உரியவர்கள் வந்து அகற்றுவர்.